அம்பாசிடர் 1489 சி.சி. இன்ஜின்: சோலெக்ஸையே வைத்துக்கொள்வதா, எஸ்.யூ.-வா, வெபரா?

சேலம் மார்க் 2:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1974 மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். பாடி, வயரிங், பிரேக் வேலையெல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜின் அதே பழைய 1489 சி.சி. பெட்ரோல்தான், எத்தனையோ பேர் சொல்லியும் டீசலுக்கு மாற்றவில்லை. சில வருடங்களுக்கு முன் சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) புது பிஸ்டன் போட்டிருக்கிறோம். மேலே உட்கார்ந்திருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்பரேட்டர், ஒற்றைத் தொண்டை சோலெக்ஸ் 32.

பிரச்சினை என்னவென்றால், சமதளத்தில் 70 வரை ஒழுங்காகப் போகிற வண்டி, ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைத்து இரண்டாவது கியரில் மறுபடி மிதித்தால் ஒரு நொடி செத்துவிட்டு அப்புறம்தான் பிடிக்கிறது. ஐட்லிங் நிற்பதில்லை. ஸ்குரூவை ஏற்றி வைத்தால் சிக்னலில் உறுமுகிறது, இறக்கினால் அணைந்துவிடுகிறது. மைலேஜ் 8 தாண்டுவதில்லை. வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது.

கார்பரேட்டரை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. எங்கள் மெக்கானிக், மாருதி எஸ்டீம் காரின் கார்பரேட்டர் ஒன்றை அடாப்டர் வைத்து மாட்டித் தருகிறேன் என்கிறார். பெங்களூரு நண்பர் ஒருவர் வெபர் 32/36 என்ற இரட்டைத் தொண்டை கார்பரேட்டர் இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். எனக்கு உள்ளூர ஆசை என்னவோ எஸ்.யூ. கார்பரேட்டர் இரண்டை ஜோடியாக மாட்டுவதில்தான். பட்ஜெட் இருக்கிறது, ஆனால் போட்ட காசுக்கு மலையில் வித்தியாசம் தெரிய வேண்டும். எதை எடுக்கலாம்?

டேப்பட் சத்தம்:

தம்பி, நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூட "கார்பரேட்டர் சிறியது" என்று சொல்லவில்லை. சிறிய கார்பரேட்டர் என்றால் வண்டி கீழே நன்றாக இழுத்து, மேலே 4000-ஐத் தாண்டும்போது மூச்சு முட்டும். உங்களுடையது கீழேதான் சாகிறது. அது வேறு வியாதி. அதை அப்படியே விட்டுவிட்டுப் பெரியதை மாட்டினால் இன்னும் மோசமாகும், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் இந்த இன்ஜினைப் பற்றி. இது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ். மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டில் வந்தது, அம்பாசிடருக்கும் அதுவே வந்தது. இதே 1489 சி.சி., இதே 73.025 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், 1955-ல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. இரண்டை மாட்டிக்கொண்டு முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன் கொடுத்தது. நம் வண்டியில் 55-க்குப் பக்கத்தில். இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் இரட்டை எஸ்.யூ. மாட்டினால் 17 குதிரை சும்மா கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்த 72 கார்பரேட்டரால் மட்டும் வந்ததல்ல. கம்ப்ரஷன் விகிதம் 8.3, அதற்கென்று கேம், வால்வு ஸ்பிரிங், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்து 5500 ஆர்.பி.எம்.-ல் வந்த எண் அது. நீங்கள் ஏற்காட்டில் 2000-க்கும் 3000-க்கும் நடுவில்தான் ஓட்டப் போகிறீர்கள்.

அடுத்து ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வாய், மூன்று எக்ஸாஸ்ட் வாய், ஐந்தும் ஒரே பக்கம். 1-ம் 2-ம் ஒரு வாயைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. காற்றுக்குத் தடை பெரும்பாலும் இந்த வாயில்தான் இருக்கிறது. குடத்து வாயைப் பெரிதாக்கினால் கிணற்றில் தண்ணீர் ஊறாது.

இப்போது ஒரு கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும். 4500 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 2250 தடவை 1.489 லிட்டர், அதாவது சுமார் 3350 லிட்டர். இந்த மாதிரிப் பழைய ஹெட்டில் முக்கால் பங்கு நிரம்பினாலே நல்லது என்று வைத்தால் 2500 லிட்டர், அமெரிக்கர்கள் பேசும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) அளவில் 90-க்குக் கொஞ்சம் கீழே. இவ்வளவுதான் உங்கள் இன்ஜின் உச்சத்தில் குடிக்கும் காற்று. இதற்கு வெபர் 45 டி.சி.ஓ.இ. மாதிரி பெரிய கார்பரேட்டர் ஒன்றை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். நிலையான வெஞ்சுரி (காற்று போகும் குறுகலான கழுத்து) உள்ள கார்பரேட்டரில் தொண்டை அகலமானால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் விழுந்துவிடும், பெட்ரோல் பொடியாக உடையாமல் துளியாக மேனிஃபோல்டு (கார்பரேட்டரிலிருந்து ஹெட்டுக்குப் போகும் குழாய்) சுவரில் ஒட்டிக்கொள்ளும். மிதித்தால் செத்துப் பிடிக்கும் வியாதி இரட்டிப்பாகும் என்று சொன்னது இதனால்தான்.

கார்பரேட்டர்தான் தடையா என்று ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். ஒரு வேக்யூம் கேஜ் வாங்குங்கள். கார்பரேட்டருக்குக் கீழே, மேனிஃபோல்டில் ஒரு துளைக்கு இணையுங்கள், நீளமான ஹோஸ் போட்டு கேஜை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சூடான ஐட்லிங்கில் 17-லிருந்து 21 அங்குலம் பாதரசம், முள் ஆடாமல் நிற்க வேண்டும். அப்புறம் நல்ல ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, சுற்று 4000-ஐத் தொடும்போது இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுக்கத் திறந்திருக்கும்போதும் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு மேல் வேக்யூம் காட்டினால் கார்பரேட்டர் நெரிக்கிறது, பெரியது போடலாம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் எவ்வளவு செலவு செய்து எதை மாட்டினாலும் மேலே ஒன்றும் கூடாது.

அதற்கு முன்னால் கம்ப்ரஷன், டேப்பட் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, டைமிங் நான்கையும் சரி பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருந்தால் மைலேஜ் இறங்கும், பழி கார்பரேட்டர் மீது விழும். பைப்பை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள், பிடித்து நிற்க வேண்டும்.

சைடு டிராஃப்ட்:

நான் கோவை. என் அம்பாசிடரில் இரட்டை எஸ்.யூ. எச்.2, ஒன்றேகால் அங்குலம், எம்.ஜி. மேக்னெட் காரின் மேனிஃபோல்டோடு. மேலே அண்ணன் சொன்ன எதையும் மறுக்கவில்லை, ஆனால் ஆசைப்படுகிறவரை ஒரேயடியாகத் தடுக்கவும் வேண்டாம். எண்ணில் வராத ஒரு மாற்றம் இதில் இருக்கிறது, மிதித்ததும் இன்ஜின் பதில் சொல்லும் விதமே வேறு.

எஸ்.யூ. ஏன் இந்த இன்ஜினுக்குப் பொருந்துகிறது என்றால், அதில் நிலையான வெஞ்சுரி கிடையாது. மேலே மணி மாதிரி இருக்கிற கிண்ணத்துக்குள் ஒரு பிஸ்டன். இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுதான் அது எழும்பும். பிஸ்டனின் அடியில் ஒரு கூம்பு ஊசி, ஜெட் என்ற பெட்ரோல் துளைக்குள் இறங்கி ஏறி, காற்றுக்குத் தகுந்த பெட்ரோலை விடுகிறது. ஒரே ஜெட், ஒரே ஊசி, தனியாகப் பம்ப் டயாஃப்ரம் இல்லை. காற்றின் வேகம் எந்தச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் கொஞ்சம் பெரிய சைஸ் போட்டாலும் மன்னித்துவிடும், சோலெக்ஸும் வெபரும் மன்னிக்காது. இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பம் லண்டனில் செருப்பு வியாபாரம் செய்தவர்கள், ஆரம்ப கால எஸ்.யூ.க்களில் இந்த பிஸ்டன் இருக்கும் இடத்தில் தோல் துருத்திதான் இருந்தது. 1905-ல் போட்ட அடிப்படை இன்னும் மாறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் சேலம் தம்பி ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சோலெக்ஸ் மேலிருந்து கீழே இழுப்பது. எஸ்.யூ. பக்கவாட்டில் மாட்டுவது. கார்பரேட்டரை மட்டும் வாங்கினால் ஆகாது. மேனிஃபோல்டு, ஆக்சிலேட்டர் லிங்க், சோக் கேபிள், ஏர் கிளீனர், ஹீட் ஷீல்டு எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. ஹீட் ஷீல்டை விட்டுவிடாதீர்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சரியாகக் கீழேயே இருக்கிறது, நம் ஊர் மே மாதத்தில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் கொதிக்கும்.

உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய எஸ்.யூ. கிடைத்தால் ஒரு சோதனை செய்துவிட்டு வாங்குங்கள். பிஸ்டனின் ஆட்டத்தை எண்ணெயால் தணிக்கும் டேம்பரைக் கழற்றிவிட்டு விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள், "டக்" என்று பிரிட்ஜில் மோதும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். வழியில் சிக்கினால் கிண்ணமும் பிஸ்டனும் ஜோடி மாறியிருக்கலாம். இவை ஜோடியாகக் கடைந்தவை, இதன் மூடியை அதற்குப் போட முடியாது.

ட்யூனிங் கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள். காதில் ஒரு ரப்பர் குழாயை வைத்து இரண்டு வாயிலும் உஸ் சத்தத்தைக் கேட்டு ஒரே மாதிரி ஆக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றிலும் லிஃப்டிங் பின் என்ற சின்னக் கம்பியைக் கொண்டு பிஸ்டனை ஒரு மி.மீ.-க்கும் குறைவாகத் தூக்க வேண்டும். சுற்று ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), விழுந்து அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), கொஞ்சம் ஏறிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. கீழே உள்ள ஆறு பக்க நட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்ப வேண்டும். அப்புறம் டேம்பரில் எண்ணெய். அது வற்றினால் நீங்கள் சொன்ன அதே ஒரு நொடி சாவு எஸ்.யூ.விலும் வரும். நான் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறேன்.

ஆறாவது கொண்டை ஊசி:

எஸ்டீம், வெபர் இரண்டைப் பற்றியும் சொல்கிறேன். எஸ்டீமை மாட்டலாம், ஓடும். ஆனால் அது 1298 சி.சி. ஓவர்ஹெட் கேம் இன்ஜினுக்கு அளந்து செய்த ஜெட்கள். அதைச் சுற்றி வேக்யூம் குழாய்கள், ஐட்லிங்குக்கு மின்சார சாலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) எல்லாம் இருக்கும். நம் மெக்கானிக்குகள் பாதிக் குழாயை ஸ்குரூ வைத்து அடைத்துவிட்டு, சாலினாய்டுக்கு 12 வோல்ட் கொடுக்காமல் விட்டுவிட்டு, ஐட்லிங் நிற்கவில்லை என்று த்ராட்டில் ஸ்குரூவை ஏற்றிவிடுவார்கள். உங்களிடம் இப்போது இருக்கும் குறையை இன்னொரு கார்பரேட்டரில் காசு கொடுத்து வாங்குவது போல ஆகிவிடும்.

வெபர் 32/36 உண்மையில் நல்ல கார்பரேட்டர். முதல் தொண்டை 26 மி.மீ. வெஞ்சுரி, அது மட்டும்தான் சாதாரண ஓட்டத்தில் வேலை செய்யும், நன்றாக மிதித்த பிறகுதான் இரண்டாவது 27 மி.மீ. திறக்கும். ஃபோர்டின் 2 லிட்டர் இன்ஜினுக்கெல்லாம் வந்தது. ஆனால் சோலெக்ஸின் ஒற்றைத் துளை மேனிஃபோல்டு மேல் அடாப்டர் வைத்து மாட்டினால் மேலே இரண்டு தொண்டை, கீழே ஒரே 32 மி.மீ. துளை. இரண்டாவது தொண்டை திறந்து என்ன பயன்? மேனிஃபோல்டைக் கடைந்து துளையை விரிக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்குவதானால் உள்ளே வெஞ்சுரி எண், உடம்பில் எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள், நகல்கள் நிறைய உலவுகின்றன. அடாப்டர் வைத்தால் உயரம் கூடும். ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள், எவ்வளவு நசுங்கியதோ அதைப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

எலெக்ட்ரிக் பம்ப் வைக்கும் எண்ணம் இருந்தால் வெபருக்கு 3 பி.எஸ்.ஐ. அளவு போதும். கடையில் கிடைக்கும் பம்புகள் பல அதற்கு மேல் தள்ளும், ரெகுலேட்டர் இல்லாமல் போட்டால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், கீழே சிவக்கச் சிவக்க எக்ஸாஸ்ட். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

பழைய ஆர்.சி. புக்:

இன்னொரு கோணம். 1974 மாடல் என்றால் 50 வருடம் தாண்டிவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி வின்டேஜ் பதிவுக்குத் தகுதி இருக்கிறது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான். வாரா வாரம் ஏற்காடு போகிறவருக்கு அது ஒத்துவராது. சாதாரணப் பதிவிலேயே இருங்கள், ஆனால் எதை மாட்டினாலும் சோலெக்ஸையும் அதன் மேனிஃபோல்டையும் எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். மேனிஃபோல்டை விரித்துக் கடைவது திரும்பி வர முடியாத வேலை, அதனால் எனக்கு வெபர் யோசனை பிடிக்கவில்லை.

சேலம் மார்க் 2:

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். கம்ப்ரஷன் அழுத்தம் நான்கிலும் 125-க்கும் 130 பி.எஸ்.ஐ.-க்கும் நடுவில், சமமாக இருக்கிறது. டேப்பட் இரண்டு இடத்தில் இறுக்கமாக இருந்தது, சரி செய்தாயிற்று. பாயிண்ட் புதிது போட்டு டைமிங் வைத்தோம். வேக்யூம் அட்வான்ஸ் டயாஃப்ரம் பிடித்து நிற்கிறது.

ஐட்லிங்கில் வேக்யூம் 14, முள் மெதுவாக அலைகிறது. ஏற்காடு அடிவாரத்துக்கு மேல் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்து 4000-க்குப் பக்கத்தில் தம்பி பார்த்தபோது ஒரு அங்குலம்தான் காட்டியது, அதற்கும் கொஞ்சம் குறைவு என்கிறான். அப்படியானால் கார்பரேட்டர் நெரிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

டேப்பட் சத்தம்:

ஆமாம் தம்பி, அதேதான். முழுத் திறப்பில் உங்கள் சோலெக்ஸ் இந்த இன்ஜினுக்குப் போதும் போதும் என்கிறது. ஐட்லிங்கில் 14-ல் முள் அலைவதுதான் உங்கள் பிரச்சினை. கம்ப்ரஷன் சமமாக இருக்கும்போது, டைமிங்கும் சரியாக வைத்த பிறகு, இது எங்கேயோ திருட்டுக் காற்று நுழைவது.

கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை எடுத்து ஐட்லிங்கில் ஒவ்வொரு இடமாகத் துளியூண்டு அடியுங்கள். மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் இடம், கார்பரேட்டர் அடி பேக்கிங், முக்கியமாக த்ராட்டில் ஷாஃப்ட் (காற்றைத் திறந்து மூடும் தகட்டின் தண்டு) இரண்டு முனையும். எங்கே அடித்தால் சுற்று மாறுகிறதோ அங்கே ஓட்டை. சிலர் பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டுத் தடவிப் பார்ப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் மேலே அந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், ஸ்பிரேயும் ஓரிரு துளிக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். ஷாஃப்ட் முனையில் பழுப்புக் கறை படிந்திருந்தாலே பாதி விடை கிடைத்த மாதிரி. லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், கைக்கே ஆட்டம் தெரியும்.

மிதித்ததும் சாவதற்கு, மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் அக்சிலரேட்டர் பம்பைப் பாருங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் அணைத்த நிலையில் டார்ச் அடித்துக்கொண்டு த்ராட்டிலைத் திருப்பினால் தொண்டைக்குள் ஒரு மெல்லிய பெட்ரோல் கோடு உடனே பாய வேண்டும். சொட்டினாலோ தாமதமாக வந்தாலோ டயாஃப்ரம் கடினமாகிவிட்டது அல்லது சின்னக் குண்டு வைத்த வால்வில் (பால் வால்வு) அழுக்கு.

இப்போது பெட்ரோல் விஷயம். பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய காற்று குறைவாகப் போதும், ஒரு பங்குக்கு 9 பங்கு, சுத்தப் பெட்ரோலுக்கு 14.7. இருபது சதவீதம் கலந்தால் சுமார் 13.5. ஆகவே 1974-ல் அளந்து போட்ட ஜெட் இன்று கிட்டத்தட்ட 8 சதவீதம் லீனாக விடுகிறது. திருட்டுக் காற்று ஒரு பக்கம், இது ஒரு பக்கம், வண்டி எப்படி இழுக்கும்? சோலெக்ஸில் மெயின் ஜெட் எண் என்பது துளையின் விட்டம், 120 என்றால் 1.20 மி.மீ. ஓட்டம் பரப்பளவைப் பொறுத்தது, 120-லிருந்து 125-க்குப் போனால் எட்டரை சதவீதம் கூடும். சரியாக நமக்கு வேண்டியது அதுதான். ஒரு படி மட்டும் ஏற்றுங்கள், ஐட்லிங்குக்கான ஸ்லோ ஜெட்டையும் ஒரு படி. அதற்கு மேல் ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்துத்தான்.

பிளக்கைச் சேலத்துச் சமதளத்தில் பாருங்கள், ஏற்காட்டில் பார்க்காதீர்கள். 1500 மீட்டரில் காற்று மெலிந்து எந்த கார்பரேட்டரும் ரிச்சாகக் காட்டும், அங்கே பார்த்து ஜெட் குறைத்தால் கீழே வந்ததும் இன்ஜின் வேகும். பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. லாம்டா சென்சார் வைத்துப் பார்க்க வசதி இருந்தால் ஏ.எஃப்.ஆர். (காற்று-எரிபொருள் விகிதம்) எண்ணைப் பார்க்காமல் லாம்டாவாகவே (எந்தப் பெட்ரோலானாலும் சரியான கலவை என்றால் 1) பாருங்கள், இ20-ல் மீட்டர் காட்டும் 14.7 உண்மையில் 13.5. முழு மிதியில் லாம்டா 0.86, 0.88 சுற்றி இருக்கட்டும்.

பழைய ரப்பர் ஹோஸ், கார்க் பேக்கிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்ததை எத்தனால் கரைத்துக்கொண்டு வரும், முதல் சில வாரங்கள் ஃபில்டரைக் கண்ணாடி வகையில் போட்டால் கண்ணால் பார்க்கலாம். சூட்டில் ஸ்டார்ட் ஆகாததற்கு கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தடித்த பேக்லைட் வளையம், எக்ஸாஸ்டுக்கு மேல் ஒரு அலுமினியத் தகடு, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோவது. பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவதெல்லாம் வழியில் நின்றுவிட்டால் வீடு வந்து சேர.

லேத் பட்டறை:

ஷாஃப்ட் வேலை என்றால் என் பங்குக்கு. கார்பரேட்டர் உடம்பு மெல்லிய வார்ப்பு, ஷாஃப்ட் வருடக்கணக்காக அதைத் தின்று துளையை முட்டை வடிவமாக்கியிருக்கும். புது ஷாஃப்ட் மட்டும் போட்டால் ஆட்டம் போகாது. இரண்டு பக்கமும் வெண்கல புஷ் இறக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டு துளையையும் ஒரே பிடிப்பில், ஒரே நேர்கோட்டில் ரீமர் விட வேண்டும். ஒரு பக்கம் முடித்துத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் செய்தால் மயிரிழை விலகினாலும் ஷாஃப்ட் இறுகும், பட்டாம்பூச்சித் தகடு முழுதாக மூடாது.

தகட்டைக் கழற்றும் முன் எந்தப் பக்கம் மேலே என்று கீறி வையுங்கள், விளிம்பு சாய்வாக இருக்கும், திருப்பிப் போட்டால் உட்காராது. மாட்டும்போது இரண்டு சின்ன ஸ்குரூவையும் தளர்வாக வைத்து, தகட்டை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றிலும் ஒளி சமமாகக் கசிந்தால் ஸ்குரூவை இறுக்கி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பஞ்ச் வைத்துத் தட்டி அகலமாக்கிவிடுங்கள். அது கழன்றால் நேராக சிலிண்டருக்குள்தான் போகும்.

சேலம் மார்க் 2:

ஸ்பிரே அடித்ததில் ஷாஃப்டின் லீவர் பக்கம்தான், அடித்த உடனே சுற்று மாறுகிறது. உடம்பை லேத்துக்குக் கொடுத்தாயிற்று, நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லித்தான் கொடுத்தேன். பம்ப் டயாஃப்ரம் பலகை மாதிரி விறைத்திருந்தது. எஸ்.யூ. ஆசை போகவில்லை, ஆனால் இதை முழுதாகச் சரி செய்து ஓட்டிப் பார்க்காமல் அதைத் தொடப் போவதில்லை.

ஒரு சந்தேகம். மெயின் ஜெட்டில் 120 என்று எண் தெரிகிறது. ஆனால் துளையின் உள்ளே பளபளவென்று கீறல்கள், யாரோ எதையோ விட்டுக் குடைந்த மாதிரி. 125 வாங்குவதா, இதையே விடுவதா?

டேப்பட் சத்தம்:

அந்த எண்ணை நம்பாதீர்கள். 1.20 மி.மீ. டிரில் பிட்டின் மழுங்கிய பின்பக்கத்தைக் கையால் மெதுவாக விட்டுப் பாருங்கள். லூசாக விழுந்தால் குடைந்தது உண்மை, 1.25, 1.30 என்று ஏற்றிக்கொண்டே போய் எது பிடிக்கிறது என்று குறித்து வையுங்கள். மைலேஜ் 8-லேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், திருட்டுக் காற்றை மறைக்க முன்னால் பார்த்தவர் ஜெட்டைக் குடைந்திருப்பார். குடைந்த ஜெட்டைத் திரும்பப் போட வேண்டாம். புதிதாக 120, 125 இரண்டும் வாங்குங்கள். புஷ் முடிந்து வந்ததும் 125-ஐப் போட்டு முதலில் வேக்யூம் பாருங்கள், ஐட்லிங்கில் முள் 17-ஐத் தாண்டி நின்ற பிறகு பிளக்கைக் கழற்றிப் படம் போடுங்கள், பார்க்கலாம்.

சைடு டிராஃப்ட்:

எஸ்.யூ. மேனிஃபோல்டு எப்போதாவது கண்ணில் பட்டால் ஹெட் பக்கத் தகட்டில் நேர்விளிம்பு ஒன்றை வைத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள் தம்பி. கார்பரேட்டர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், நேராக இருக்கும் மேனிஃபோல்டுதான் கிடைப்பதில்லை.